ஊசாட்டத்தை அளந்த வரலாறு

படூரை அடுத்துள்ள கடற்கரையூர் கோவளம். அங்குள்ள தர்காவைப் பல சமயத்தாரும் அறிவர். அராபியரோடு நமது கரைக்கு இருந்த பழந்தொடர்பு தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் பல சொற்களைச் சேர்த்தது. ‘வஸ்வாஸ்’ என்பது அவற்றுள் ஒன்று. மனத்தினுள் ஐயத்தை எழுப்பும் ஊசாட்டம் என்று அதற்குப் பொருள். தொழுகைக்கு முன் ஒளுச் செய்த ஒருவர், கை முற்றும் நனைந்ததோ என ஐயுற்று ஓயாது கழுவுவாராயின் அதனை வஸ்வாஸ் என்பர்.

இதனை மருத்துவ நோக்கில் ஆராய்ந்தவர் அபூ ஸைத் அல்-பல்கீ. 934-ஆம் ஆண்டில் மறைந்த இப்பேரறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் இணைத்து ஒரு நூல் இயற்றினார். சினம், அச்சம், துயரம், ஊசாட்டம் என உள்ளத்தின் துன்பங்களை அதில் நான்காக வகுத்தார்.

ஊசாட்டத்தை வினாக்களால் அளக்கும் முயற்சி மிகப் பின்னரே எழுந்தது. இங்கிலாந்தில் கூப்பர் என்பார் 1970-இல் லேட்டன் வினாநிரலை வெளியிட்டார். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அகமது அப்துல் காலிக் என்னும் உளவியல் பேராசிரியர் 1992-இல் அரபு மொழியிலேயே ஓர் அளவையை அமைத்தார். அதிலுள்ள கூற்றுகள் 32. ஒவ்வொன்றிற்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே விடை.

பிற நாட்டு வினாக்களை மொழிபெயர்த்தால் போதாதோ எனலாம். ‘நாள்தோறும் பலமுறை கை கழுவுகிறீரா?’ என்று வினவினால், ஐவேளை தொழுபவர் ‘ஆம்’ என்பார். மடி காக்கும் நம் பாட்டியாரும் ‘ஆம்’ என்பார். அவ்விருவர்க்கும் நோய் இல்லை, உள்ளது வழக்கமே. மிகையென்று தாமே உணர்ந்தும் நிறுத்த இயலாமல், நாழிகைகள் கழிந்து, தொழிலும் உறக்கமும் கெடும்போதே அது நோயாகிறது. அமெரிக்காவில் 1989-இல் வெளியான யேல்-பிரவுன் அளவை, இக்காரணம் பற்றியே, செலவாகும் நேரத்தையும் உறும் துன்பத்தையும் வினவுகிறது. அதன் 10 வினாக்களுக்கும் சேர்த்து உயர்ந்த மதிப்பு 40.

நம் நாட்டிலும் சண்டிகர் மருத்துவர்கள் 82 நோயாளரை ஆராய்ந்து 1975-இல் முடிவுகளை வெளியிட்டனர். அழுக்கும் தீட்டும் பற்றிய எண்ணங்களே அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டன.

ஆதலின், வீட்டில் ஒருவர் குழாயடியை விட்டு அகலாது வருந்தினால், அதனைப் பக்தியென்று புகழ்தலும் தகாது; பிடிவாதமென்று கடிதலும் தகாது. வினாநிரலின் மதிப்பெண் ஓர் அறிகுறியே. நோயைத் தெளிவது மருத்துவர் கடன். மருந்தாலும், அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகத் தொட்டுக் கழுவாதிருக்கும் பயிற்சியாலும் இத்துன்பம் தணியும். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே சுற்றத்தார் செய்யத் தக்கது.