செஸ் கணினியின் ஸ்டாக் ஃபைல்

2022 ஜூலை 28-இல் சென்னையில் தொடங்கிய 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் ஆட்டங்கள் ஆகஸ்ட் வரை நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தன. வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி'யை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பொதுப் பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணியும், பெண்கள் பிரிவில் முதல் அணியும் வெண்கலம் வென்றன. பதினாறு வயது குகேஷ் தன் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றான்.

அதன் பிறகு நம் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "கம்ப்யூட்டர் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களை யோசிக்காமலே ஆடுகிறதே, அது எப்படி?"

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு விடை சொல்வது சுலபம். ஒரு மனு வந்தால் குமாஸ்தா முதலில் சொந்த மூளையைச் செலவழிப்பதில்லை; ஸ்டாக் ஃபைலைப் புரட்டுகிறார். இதே மாதிரி விஷயத்தில் முன்பு என்ன உத்தரவு போட்டார்கள் என்று பார்க்கிறார். செஸ் கணினியிடமும் அப்படி ஒரு கோப்பு உண்டு. அதற்கு 'ஓப்பனிங் புக்', அதாவது தொடக்கப் புத்தகம், என்று பெயர்.

இந்தப் பழக்கம் கணினியோடு வந்ததல்ல. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் அல்-அத்லி, அஸ்-சூலி போன்ற அரபு ஆட்டக்காரர்கள் ஆடிய சத்ரஞ்சில் காய்கள் மெதுவாகவே நகரும். அதனால் இரு தரப்பும் தெரிந்த ஓர் அணிவகுப்பை அமைத்துக்கொண்டு, பிறகுதான் சண்டையைத் தொடங்குவார்கள். அந்த அணிவகுப்புக்குத் 'தபியா' என்று பெயர். செஸ் உலகில் அந்தச் சொல் இன்றும் வழங்குகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நாம் மந்திரி என்று மரியாதையாக அழைக்கும் காயைப் பிரெஞ்சில் 'ஃபூ' என்பார்கள். பைத்தியக்காரன் என்றும் அரசவைக் கோமாளி என்றும் பொருள். அந்த மொழியில்தான் பிலிடோர் 1749-இல் தம் புகழ்பெற்ற செஸ் நூலை எழுதினார். 1834 முதல் 1836 வரை பாரிஸ் சங்கமும் லண்டன் சங்கமும் கடிதம் மூலமாகவே ஆடின. ஒவ்வொரு நகர்த்தலும் தபாலில் போய்ச் சேர வேண்டும். பாரிஸ் வென்றது. அதில் பாரிஸ்காரர்கள் ஆடிய தொடக்கத்துக்குத்தான் 'பிரெஞ்சு டிபன்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. அதுவும் கோப்பில் ஏறிய ஒரு முன்னுதாரணம்தானே!

இனி, கணினிக்கான புத்தகம் எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். பரவலாக வழங்கும் வகை 'பாலிகிளாட்'. அதை உருவாக்கியவர் ஃபேபியன் லெதூசே என்ற பிரெஞ்சுக்காரர். ஆடி முடிந்த ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அதனிடம் கொடுத்தால், பலகையின் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் போடுகிறது. கோப்புக்கு நாம் நடப்பு எண் போடுவோமே, அதுபோல. பிறகு அந்த நிலையில் ஆடப்பட்ட நகர்த்தலையும் அதன் எடையையும் பதிகிறது. ஒரு பதிவுக்கு 16 பைட் இடம் போதும். வெற்றி தந்தால் இரண்டு, டிரா ஆனால் ஒன்று என்று எடை கூடும். ஆடும்போது எடை கூடிய நகர்த்தலுக்கு முன்னுரிமை.

இதுவரை எந்திரம் செய்யும் வேலை. சிக்கல் இதற்குப் பிறகுதான். எதிராளி அசட்டுத்தனமாக ஆடியதால் வென்ற மோசமான நகர்த்தலுக்கும் அதே எடை கிடைக்கும். பத்தாண்டுகளுக்கு முன்பே தவறென்று நிரூபிக்கப்பட்ட வரிசையும் பழைய வெற்றிகளின் பலத்தில் மேலே நிற்கும். ரத்தான அரசாணையைக் கோப்பிலிருந்து எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆகவே தனக்கென்று புத்தகம் தயாரிப்பவருக்கு, சேர்ப்பதைவிட நீக்குவதுதான் பெரிய வேலை.

இன்னொன்று, புத்தகம் முடியும் இடம். கணினிக்குப் பழக்கமில்லாத நிலையில் கொண்டுபோய் விட்டுவிட்டால், முன்னேறிய காய்களை அது மறுபடி பின்னுக்கு இழுத்து ஆடத் தொடங்கிவிடும்.

1997-இல் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் 'டீப் புளூ'வுக்கான புத்தகத்தைக் கையால் உருவாக்கியவர் கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின். வேறு மூன்று கிராண்ட்மாஸ்டர்கள் உதவினார்கள். ஏறக்குறைய 4,000 நிலைகள்தாம். அந்த எந்திரம் எந்த வகை நிலைகளில் நன்றாக ஆடுமோ, அவற்றை நோக்கியே வழி அமைத்தார்கள். தனியாக 7,00,000 ஆட்டங்களின் தொகுப்பும் அதற்குத் துணையாக இருந்தது. மே 11 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில், எட்டாவது நகர்த்தலில் டீப் புளூ தன் குதிரையைப் பலி கொடுத்தது. அது கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததல்ல. மனிதர்கள் புத்தகத்தில் எழுதிவைத்தது. 19 நகர்த்தல்களில் காஸ்பரோவ் தோற்றார்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். தாய் சுசீலாவிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த், சென்னை சோவியத் கலாசார மையத்தின் தால் செஸ் கிளப்பில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் புது ஆட்டங்களை அறிய அச்சுப் புத்தகம் வர வேண்டும். பெல்கிரேடிலிருந்து வெளியான 'இன்ஃபார்மேட்டர்' தொகுதிகளுக்கு அத்தனை மதிப்பு. அதே ஆனந்த் 2008-இல் பான் நகரில் கிராம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டத்தைக் காக்க இறங்கியபோது, உதவியாளர்களும் கணினியுமாகத் தயாரித்த ஒரு புதிய வழி கையில் இருந்தது. கருப்புக் காய்களோடு மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் அதே தொடக்கத்தில் வென்றார். அதுதான் சொந்தப் புத்தகத்தின் பலன்.

அப்படியானால் மனப்பாடம் செய்பவன்தான் ஜெயிப்பானா? குகேஷ் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2,500 ரேட்டிங்கை எட்டும்வரை அவனைக் கணினி உதவி இல்லாமலே பழக்கினார். முதலில் சொந்தமாக யோசிக்கக் கற்கட்டும், கோப்பைப் பிறகு புரட்டலாம் என்ற முறை.

2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே டிங் லிரென் பிரெஞ்சு டிபன்ஸ் ஆடி குகேஷை வென்றார். பதின்மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமம். டிசம்பர் 12 அன்று நடந்த பதினான்காம் ஆட்டமும் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55-வது நகர்த்தலில் டிங் தம் யானையை வைத்த இடம் தவறிவிட்டது. குகேஷ் அதைக் கண்டுகொண்டான். பதினெட்டு வயதில் உலக சாம்பியன்!

அந்த 55-வது நகர்த்தல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. முன்னோர் போன வழியில் தெருமுனைவரை போகலாம். அதற்கு நல்ல கோப்பு வேண்டும், அதையும் நாமே பார்த்துப் பார்த்துத் தொகுத்திருக்க வேண்டும். முனை திரும்பிய பிறகு குறிப்பு எழுத வேண்டியது நாம்தான். பேரப்பிள்ளைகளுக்கு செஸ் செயலி வாங்கித் தரும் நண்பர்கள், ஒரு பலகையையும் காய்களையும் சேர்த்தே வாங்கித் தாருங்கள்.