ஸ்லின் நகரத்துச் சப்பாத்துக் குடும்பம்

இலங்கைத் தமிழரிடையே ‘பாட்டா’ என்பது செருப்புக்கே மறுபெயராக வழங்கலாயிற்று. உண்மையில் அது ஒரு குடும்பத்தின் பெயர். மொராவியாவிலுள்ள ஸ்லின் என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சப்பாத்துத் தைத்து வந்த குடும்பம் அது.

1894ஆம் ஆண்டில் தோமாஸ், அந்தோனின், அன்னா என்னும் உடன்பிறப்புகள் மூவர், தாய்வழி வந்த சிறு பொருளை முதலாக இட்டுத் தனித்தொழில் தொடங்கினர். ஓராண்டுக்குள் கடன் சூழ்ந்தது. தோல் வாங்கப் பணமில்லை. ஆகவே தோமாஸ் முரட்டுத் துணியாற் சப்பாத்துச் செய்தார். விலையும் குறைவு, பாரமும் குறைவு. எளிய மக்கள் விரும்பி வாங்கினர். வறுமையே வழிகாட்டிற்று.

1922இல் செக்கோசிலோவாக்கிய நாணயத்தின் மதிப்பு உயர, வாணிபம் முடங்கிற்று. ஏனையோர் தயங்கி நிற்கையில், தோமாஸ் சப்பாத்து விலையைப் பாதியாகக் குறைத்தார். கடைகளில் மக்கள் திரண்டனர். தொழிலாளரின் கூலியும் அப்போது குறைக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது; அதற்கு ஈடாக உணவுப் பொருள்கள் அவர்களுக்குப் பாதி விலையில் வழங்கப்பட்டன.

1932இல் தோமாஸ் விமான விபத்தில் மாண்டார். 1945இல் ஸ்லின் ஆலைகள் அரசுடைமையாயின. பிறந்த ஊரில் தொழிலை இழந்த குடும்பம், கனடாவையும் பிற நாட்டுக் கிளைகளையும் பற்றுக்கோடாகக் கொண்டு மீண்டும் தலைநிமிர்ந்தது.