ஏரியன் 5: யாருமே மாற்றாத ஒரு ரிக்வயர்மென்ட்

ரிக்வயர்மென்ட் ரிஸ்க் என்றாலே நம்ம துறையில் கிளையன்ட்டைத்தான் கை காட்டுவோம். பாதியில் மாத்திட்டார், என்ன வேணும்னே அவருக்குத் தெரியலை, இப்படி. ஆனால் யாருமே மாற்றாத, பல வருஷம் ஒழுங்காக ஓடிய ரிக்வயர்மென்ட்டும் ஆளைக் கவிழ்க்கும். ஏரியன் 5 கதை அதுதான்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புது ராக்கெட்டான ஏரியன் 5-க்கு அது முதல் பயணம். உள்ளே க்ளஸ்டர் ஆய்வுத் திட்டத்தின் 4 செயற்கைக்கோள்கள். என்ஜின் பற்றி 40 நொடிக்குள், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், பாதை விலகி, உடைந்து, வெடித்துவிட்டது.

கணித அறிஞர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். அடுத்த மாதமே அறிக்கை வந்தது.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று சொல்ல உள்ளே ஒரு கருவி உண்டு. ஏரியன் 4-ல் அந்தக் கருவியில் நன்றாக ஓடிய சாஃப்ட்வேரைத்தான் 5-க்கும் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பகுதி, கிளம்பும் முன் கருவியை நிலைப்படுத்துவதற்கு. தரையை விட்டு எழும்பியதும் அதற்கு வேலையே இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு சுமார் 40 நொடி ஓடிக்கொண்டிருக்கும்.

ஏன்? ஏரியன் 4-ல் கவுண்ட்டவுன் கடைசி சில நொடிகளில் நின்றுபோனால், கருவியை மறுபடி நிலைப்படுத்த 45 நிமிஷமோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க வந்த ரிக்வயர்மென்ட் அது. 1989-ல் ஒரே ஒரு தடவை உபயோகப்பட்டது. ஏரியன் 5 கிளம்பும் முறையே வேறு, அதற்கு இது தேவையில்லை. ஓடுற கோடில் எதுக்குக் கை வைக்கணும் என்று விட்டுவிட்டார்கள்.

ஏரியன் 5-ல் கிடைமட்ட வேகம் 5 மடங்கு சீக்கிரமாகக் கூடும். அதைச் சார்ந்த 64 பிட் எண்ணை 16 பிட்டுக்கு மாற்றும் இடத்தில் எண் அடங்கவில்லை. ஓவர்ஃப்ளோ ஆகிக் கருவி நின்றுபோனது. பேக்கப் கருவியிலும் அதே சாஃப்ட்வேர், அதனால் அதுவும் முன்னமே விழுந்திருந்தது. சாகும்போது கருவி அனுப்பிய பிழைத் தகவலை நிஜமான பறக்கும் அளவு என்று எடுத்துக்கொண்ட மெயின் கம்ப்யூட்டர், நாசில்களை முழுசாகத் திருப்பிவிட்டது.

இதில் புரோகிராமரைத் திட்டுவது சுலபம். ஆனால் அப்படி மாட்டக்கூடிய 7 மாறிகளில் 4-க்குப் பாதுகாப்பு போட்டிருந்தார்கள். பிராசஸர் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால், மீதி 3 எல்லை தாண்டாது என்று யோசித்து விட்டார்கள். ஏரியன் 4-க்கு அந்தக் கணக்கு சரிதான். அந்தக் காரணத்தை மட்டும் கோடில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஏரியன் 5-ன் பறக்கும் பாதை விவரமோ கருவியின் ரிக்வயர்மென்ட் டாக்குமெண்டிலேயே இல்லை. அதில் இல்லாததை டெஸ்ட் செய்ய யாருக்குத் தோன்றும்?

புது ரிக்வயர்மென்ட்டை நாம் பத்து பேர் உட்கார்ந்து ரிவ்யூ செய்கிறோம். பழசு எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறது, ஏற்கெனவே நிரூபணமானது என்ற பெயரில். அது நிரூபணமானது பழைய சூழ்நிலைக்கு மட்டும்தான். சூழ்நிலை மாறினால் அதுவும் புது ரிக்வயர்மென்ட் மாதிரிதான்.

இழந்த 4 செயற்கைக்கோள்களுக்குப் பதிலாக வேறு 4 செய்து, 2000-ல் பைகோனூரிலிருந்து ரஷ்ய சோயுஸ் ராக்கெட்டில் அனுப்பினார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு 4 வருஷம் போனதுதான் மிச்சம்.

பழைய சிஸ்டத்தை எடுத்து மாற்றி எழுதும் ப்ராஜெக்ட்டில் இருப்பவர்கள் ரிக்வயர்மென்ட் ஷீட்டில் இரண்டு காலம் சேர்த்துப் பாருங்கள்: இது ஏன் வந்தது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? பதில் எழுத முடியாத வரிகளிலிருந்து ரிவ்யூவை ஆரம்பியுங்கள்.