நொச்சியும் உழிஞையும்: ஒரு மேசைமேல் மதுரை முற்றுகை

போரை விளையாட்டாக ஆடலாமா? மனிதர் செத்து விழுந்த ஒரு களத்தைப் பலகைமேல் அமைத்து, பொம்மை வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி, வென்றவர் யார், தோற்றவர் யார் என்று மகிழ்ந்து பேசலாமா? பங்கு மன்றத்தில் நண்பர் சிலர் கூடி அத்தகைய விளையாட்டொன்றை ஆடத் தொடங்கியபோது இந்தக் கேள்வியை என்னிடம் எழுப்பியவர்கள் பலர். கேள்வி நியாயமானது. ஆகவே விடையும் நிதானமாகவே தேடப்பட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். போரை ஒழுங்குபடுத்தி, கட்டங்களாகப் பிரித்து எண்ணிப் பார்ப்பது தமிழருக்குப் புதியதன்று. கோட்டையை வளைத்துப் பொருதல் உழிஞைத் திணை. தொல்காப்பியம் முற்றுவோர், காப்போர் இருவரையும் அதனுள்ளேயே அடக்கிற்று. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையோ மதிலைக் காத்து நிற்பதற்கு நொச்சி என்று தனியே திணை வகுத்தது. முற்றுவோர்க்கு ஒரு பூ, காப்போர்க்கு ஒரு பூ. இருவர் எதிரெதிராக அமர்ந்து ஆடும் சதுரங்கமும் யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையின் நிழலே. அதனினும் நமக்கு நெருங்கியது ஆடு புலி ஆட்டம். கோயில் மண்டபங்களின் கல்தளத்தில் இன்றும் அதன் கோடுகளைக் காணலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆடுகள் புலியைக் கொல்வதில்லை. அது நகர இடமில்லாமல் அடைத்துவிடுகின்றன. முற்றுகைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எந்த இராணுவக் கல்லூரியிலும் இல்லை.

மேனாட்டில் இந்தக் கலை வேறு வழியில் வளர்ந்தது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் அரச குடும்பத்தாருக்கென ஒரு போர் விளையாட்டு மேசையை அமைத்தார். அவருடைய மகன் 1824இல் அதை நிலப்படத்தின்மேல் ஆடும் முறையாகத் திருத்தி வெளியிட்டார். சிவப்பும் நீலமுமான கட்டைகள் படைப்பிரிவுகளைக் குறித்தன. பகடை போரின் எதிர்பாராமையைக் குறித்தது. நடுவர் ஒருவர் தீர்ப்பளித்தார். பிரஷ்யப் படைத்தலைமை அதனைத் தன் அதிகாரிகளின் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் முறையைச் சிறு நூலாக எழுதினார். போர் எத்துணைப் பெரிய மூடத்தனம் என்பதை அறியச் சில முறை இப்படி ஆடிப் பார்த்தாலே போதும் என்பது அந்நூலில் அவர் சொன்ன கருத்து. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஆக, போர் விளையாட்டு போருக்கும் பயிற்சியாகலாம், போரின்மேல் வெறுப்புக்கும் வாயிலாகலாம்.

எங்கள் நண்பர் குழு எடுத்துக்கொண்டது நம் ஊரின் போரே: 1763, 1764ஆம் ஆண்டுகளின் மதுரை முற்றுகை.

வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறேன். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்தவர் எனப்படும் மருதநாயகம், இசுலாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். கும்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து உயர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களில் மேஜர் லாரன்ஸ் அவரைப் பெரிதும் பாராட்டினார். 1758, 1759இல் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே நின்று அதனை ஓயாது அலைக்கழித்தவர்களுள் அவரும் ஒருவர். 1759இல் மதுரையின் ஆளுநராகத் திரும்பினார். வரி ஒழுங்காக வந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரிய வருவாய் மீண்டும் கிடைத்தது. மக்கள் அவரைக் கான் சாகிபு என்றனர். அவருடைய மனைவி மாசா போர்த்துக்கீசிய வழிவந்த கிறித்தவப் பெண் என்பர்.

1761இல் புதுச்சேரி வீழ்ந்தது. 1763இல் பாரிசில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, முகமது அலியே கர்நாடகத்தின் நவாபு என்று உறுதியாயிற்று. மதுரை யாருக்குக் கட்டுப்பட்டது என்ற பழைய வழக்கு அதனோடு முற்றிற்று. நவாபுக்குப் பணிய மறுத்த கான் சாகிபு பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ஷான் என்னும் பிரெஞ்சு அதிகாரி தம் ஆட்களுடன் அவரிடம் பணியாற்றினார். 1763ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கர்னல் மான்சன் தலைமையில் வந்த படை கோட்டையைப் பிடிக்க இயலாமல், மழைக்காலம் தொடங்கியதும் பின்வாங்கியது. 1764இல் மேஜர் கேம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை. அவ்வாண்டு ஜூன் 26ஆம் நாள் நடந்த பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. மேஜர் பிரெஸ்டன் அதில் படுகாயமுற்று மாண்டார். அதன்பின் கும்பெனிப் படை தாக்குவதை விட்டு அடைத்து நின்றது. ஆடுகள் புலியை அடைத்தன. உள்ளே உணவு அற்றது. குதிரையும் குரங்கும் உணவாயின என்று ஐரோப்பியக் குறிப்புகள் கூறுகின்றன. அக்டோபர் 13ஆம் நாள், மார்ஷானும் திவான் சீனிவாசராவும் மருத்துவர் பாபா சாகிபும் சேர்ந்து, தொழுகையில் இருந்த கான் சாகிபைத் தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப் பிடித்தனர். அக்டோபர் 15ஆம் நாள் சம்மட்டிபுரத்தருகே அவர் தூக்கிலிடப்பட்டார்.

இந்த வரலாற்றை மேசைமேல் எப்படி இறக்குவது? கோட்டையின் உருவத்தைக் கண்டறிய அதிகம் அலைய வேண்டியதில்லை. விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை எழுபத்திரண்டு கொத்தளங்களைக் கொண்டது என்பது மரபு. ஆட்சியராயிருந்த பிளாக்பர்ன் 1830களின் பிற்பகுதியில் மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் தொடங்கினார். மதிலும் அகழியும் இருந்த வரம்பை ஒட்டியே இன்றைய வெளிவீதிகளும் மாரட் வீதிகளும் அமைந்தன. ஆகவே மதுரை நகரின் தெருப்படமே கோட்டையின் படம். பத்து மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டர் என்று அளவு வைத்தோம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்ப் பக்கமுள்ள கோட்டை ஒரு மீட்டர்ச் சதுரமாகச் சுருங்கியது. ஒரு பொம்மை இருபத்தைந்து வீரருக்கு நிகர். நண்பர் ஒருவர் மதிலைக் களிமண்ணால் அமைத்தார். மற்றொருவர் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டை தீட்டினார். பக்கங்களுக்கு நீலம், சிவப்பு என்று பெயரிடாமல் உழிஞையார், நொச்சியார் என்றே பெயரிட்டோம்.

ஆடியபோது முதலில் கற்றது தூரம். அக்காலத்துத் துப்பாக்கி உறுதியாகக் குறி தவறாமல் சுடக்கூடிய தொலைவு தொண்ணூறு மீட்டருக்கு மேற்படாது. எங்கள் பலகையில் அது ஒன்பது செண்டிமீட்டர், ஓர் உள்ளங்கையின் அகலம். நன்கு பயின்ற வீரன் ஒரு நிமிடத்தில் இரண்டு அல்லது மூன்று முறை சுடுவான். ஏணியையும் ஆயுதத்தையும் சுமந்துகொண்டு உடைந்த மதிலை நோக்கி ஓடுபவனுக்கு அந்த உள்ளங்கை அகலத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடம். புத்தகத்தில் 'தாக்குதல் முறியடிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். பலகையில் அந்த ஒரு நிமிடத்தைப் பொம்மை பொம்மையாக எடுத்து ஓரத்தில் அடுக்க வேண்டியிருந்தது. உழிஞையார் பக்கம் ஆடிய இளைஞர் தம் முன் குவிந்த பொம்மைகளை எண்ணி, அவற்றை இருபத்தைந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, நெடுநேரம் பேசவில்லை.

இரண்டாவது கற்றது பொறுமையின் கொடுமை. முதல் ஆட்டத்தில் தாக்கித் தோற்ற அவ்விளைஞர், இரண்டாம் ஆட்டத்தில் தாக்கவே இல்லை. வழிகளை அடைத்துவிட்டு அமர்ந்திருந்தார். கோட்டைக்குள் இருக்கும் உணவைக் குறிக்க ஒரு கிண்ணத்தில் நெல்மணிகளை வைத்திருந்தோம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆளுக்குத் தக்கபடி நெல் குறையும். பகடை உருளவில்லை, பீரங்கி முழங்கவில்லை. நெல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மூவருக்கும் அது சலிப்பூட்டும் ஆட்டமாகவே இருந்தது. ஆனால் மதுரையை உண்மையில் வீழ்த்தியது அந்தச் சலிப்பூட்டும் ஆட்டமே.

மூன்றாவதுதான் எங்களை நிறுத்தி வைத்தது. வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், "கோட்டைக்குள் சிப்பாய்கள் மட்டுமா இருந்தார்கள்?" என்று கேட்டார். எங்கள் பலகையில் மதுரை மக்கள் ஒருவர்கூட இல்லை. போர் விளையாட்டு நூல்களிலும் அவர்களுக்கு விதி காண்பது அரிது. அவர் மன்றத்து அலமாரியைத் திறந்து, கிறித்து பிறப்புக் குடிலுக்கென்று வாங்கிய பழைய களிமண் உருவங்களை எடுத்து வந்தார். மதுரைக்கு அருகேயுள்ள விளாச்சேரியில் கொலு பொம்மைகளைச் செய்யும் கைகளே குடில் உருவங்களையும் செய்கின்றன. இடையர், தண்ணீர்க் குடமேந்திய பெண், ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த சிறுவன். பொம்மை வீரர்களைவிட இரு மடங்கு உயரம். அளவு பொருந்தவில்லை. ஆயினும் அவற்றைக் கோட்டைக்குள் நிறுத்தினோம். இவர்களும் நெல் உண்பர் என்று விதி செய்தோம்.

ஆட்டம் அப்போது மாறிவிட்டது. கான் சாகிபாக ஆடியவர் ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு உணவளிப்பது என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. படைக்கு அளித்தால் மக்கள் சாவர். மக்களுக்கு அளித்தால் மதில் காப்பாரற்றுப் போகும். வாயிலைத் திறந்து மக்களை வெளியே அனுப்பிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆசிரிய நண்பர் அலேசியாவை நினைவூட்டினார். கி.மு. 52இல் கால்லியரின் அக்கோட்டையைச் சீசர் வளைத்தபோது, காப்போர் ஊர் மக்களை வெளியேற்றினர். சீசர் அவர்களைத் தம் வரம்பைக் கடக்க விடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பட்டினியால் மடிந்தனர். இதைக் கேட்ட பின் எங்கள் கான் சாகிபு வாயிலைத் திறக்கவில்லை, படையையும் நகர்த்தவில்லை. "இன்று இத்துடன் நிறுத்துவோம்" என்றார்.

அதுவரை எங்களுக்குள் ஓயாத ஒரு வாதம் இருந்தது. காட்டிக்கொடுத்தலுக்கு விதி வேண்டுமா? மார்ஷானின் செயலைப் பகடையில் விடலாமா? 'நேர்மையான ஆட்டத்தில் துரோகத்துக்கு இடமில்லை' என்று நொச்சியார் பக்கத்தவர் மறுத்து வந்தார். மார்ஷானைப் பற்றி வரலாறு தருவது இருண்ட படமே. கான் சாகிபு ஒருமுறை சினந்து அவரை அடித்தார் என்றும், அந்த அவமானமே பகையாக முற்றியது என்றும் சொல்லப்படுகிறது. தன்னை நம்பியவனைத் தொழுகை வேளையில் பிடித்துக் கொடுத்த செயலுக்கு நான் வாதாட முன்வரமாட்டேன். கெத்சமனித் தோட்டத்தை அறிந்த எவருக்கும், இறைவேண்டலில் இருப்பவனைக் கைப்பற்றும் காட்சி எளிதில் கடந்துபோகாது. ஆயினும் நெல் தீர்ந்த கிண்ணத்தின் முன் அமர்ந்தபோது வேறொரு கேள்வியும் எழுந்தது. சரணடைந்தால் தூக்குக் கயிறு என்று அறிந்த தலைவன், தன் உயிருக்காக மட்டுமின்றி ஊர் முழுவதன் உயிரையும் பணயம் வைத்து நிற்கலாமா? பட்டினியைத் தாளாத சாதாரணச் சிப்பாய் போரை முடித்துவிட விரும்பினால் அவனையும் துரோகி என்போமா? வீரம் என்று பாடப்படுவதன் விலையை யார் கொடுத்தார்கள்?

இதற்கு நாங்கள் ஒருமித்த விடை காணவில்லை. ஆனால் போர் விளையாட்டு தகுமா என்ற முதற்கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. இஞ்ஞாசியார் போர் வீரராயிருந்தவர். 1521இல் பம்பலோனா கோட்டையைக் காத்து நின்றபோது பீரங்கிக் குண்டால் கால் முறிந்து வீழ்ந்தவர். பின்னாளில் அவர் வகுத்த ஆன்மீகப் பயிற்சிகளில், தியானிப்பவர் முதலில் இடத்தை மனக்கண்ணால் காண வேண்டும் என்கிறார். நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் வழியின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, சமவெளியா மேடா என்றெல்லாம் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். காணாத இடத்தில் இரக்கம் வேர்கொள்வதில்லை என்பதை அந்த வீரர் அறிந்திருந்தார் போலும். அளவு வைத்துக் களத்தை அமைப்பதில் குற்றமில்லை. அந்தக் களத்தில் யாரை நிறுத்துகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீரரை மட்டும் நிறுத்தினால் அது வெற்றி தோல்விக் கணக்கு. குடமேந்திய பெண்ணையும் நிறுத்தினால் அது மனச்சான்றின் ஆய்வு.

நம் மக்கள் இதை முன்பே உணர்ந்திருக்கிறார்கள். கும்பெனியின் போர்களை விரிவாக எழுதிய ராபர்ட் ஆர்மின் நூல் 1761உடன் முடிந்துவிடுகிறது. கான் சாகிபின் வரலாற்றை ஹில் என்பவர் ஆங்கிலத்தில் தனி நூலாக எழுதியது 1914இல்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் நாட்டுப்புறத்தில் வழங்கி வந்தது. தூக்குக் கயிறு இருமுறை அறுந்தது என்றும், மூன்றாம் முறையே உயிர் பிரிந்தது என்றும் மக்கள் சொல்லிவந்தனர். தாயை இழந்த அவருடைய மகன் தாயின் சமயத்திலேயே வளர்க்கப்பட்டான் என்பதும் செவிவழிச் செய்தி. இவற்றை ஆவணங்களாகக் கொள்ள இயலாது. தோற்றவனுக்காக ஓர் ஊர் வருந்தியதன் சுவடுகளாகக் கொள்ளலாம்.

மதுரையில் கான்சா மேட்டுத் தெரு இன்றும் உண்டு. சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலமும் பள்ளிவாசலும் உள்ளன. கட்டப்பட்ட ஆண்டு 1808. அந்த முற்றுகையில் பசியால் மாண்ட மதுரைக் குடிமக்களுக்குத் தெருவும் இல்லை, கல்லும் இல்லை. வெளிவீதிகளில் நடக்கும் வாசக அன்பர்கள், மதில் நின்ற அந்த வரம்பைக் கடக்கும்போது, பெயர் அறியாத அவர்களுக்காக ஒரு சிறு மன்றாட்டைச் சொல்லிச் செல்வது தகும்.