கோட்டுப் போட்ட இரண்டு சிலைகள்



கம்பம் பள்ளத்தாக்கில் கோட்டுப் போட்ட இரண்டு பேருக்குச் சிலை உண்டு. ஒருவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக். இன்னொருவர் அண்ணல் அம்பேத்கர். இரண்டாமவர் பல ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார். ஏன்?

அணை வேலை 1887-இல் தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். மேற்கே ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கில் சுமார் 14,700 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அந்த நன்றிக்காகத்தான் லோயர் கேம்ப் மணிமண்டபம், 2013-இல் அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. பொங்கல் நாளில் விவசாயிகள் அவருக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும், அது நியாயமான நன்றி.

ஆனால் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் செத்தார்கள். கல் சுமந்த அவர்களின் பெயரை எந்தக் குழந்தைக்கும் நாம் சொல்லித் தருவதில்லை. வந்த தண்ணீரும் நிலம் வைத்திருந்தவர்களின் வயலுக்குத்தான் பாய்ந்தது. அணை எழும்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1892-இல்தான், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். அதில் பெரும்பகுதி கைமாறிப் போய், இன்றும் மீட்புக்காகப் போராடிக்கொண்டிருக்கிறோம்.

அம்பேத்கர் பிறந்ததும் அந்த அணை எழும்பிய ஆண்டுகளில்தான்: 1891 ஏப்ரல் 14. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பென்னிகுயிக் தண்ணீரைக் கொண்டுவந்தார். அதை யார் தொடலாம் என்ற கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர். முதலாமவரின் கொடை யாருடைய அதிகாரத்தையும் குறைக்கவில்லை. இரண்டாமவரின் கேள்வி குறைக்கிறது. கூண்டுக்குக் காரணம் அதுதான்.

நாடாளுமன்ற வளாகத்தில் 1967-இல் வைத்த அம்பேத்கர் சிலை வெண்கலம். நம் சேரிகளில் நிற்பது பெரும்பாலும் சிமெண்ட். கோயிலுக்குச் சுதை வேலை செய்யும் கைகளே பல இடங்களில் இதையும் செய்கின்றன. நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் அரசியல் சட்டப் புத்தகம், நீட்டிய விரல். நான் வேலை பார்க்கும் ஊர் ஒன்றில் அவர் முகம் அசல் படத்தைப்போல இல்லை. வயல்வேலை முடித்து வரும் ஒரு மாமாவின் முகம்போல இருக்கிறது. அங்கே யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ஏப்ரலுக்கு முன் வரி பிரித்து எனாமல் பெயிண்ட் வாங்கிப் புதுசாக அடிக்கிறார்கள்.

2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அவர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. வெறும் சிமெண்டாக இருந்தால் யாரும் கடப்பாரை தூக்கியிருக்க மாட்டார்கள்.

பென்னிகுயிக் அணைக்கு ஆவணம் இருக்கிறது. அதில் வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899-இலேயே அதன் வரலாற்றை எழுதி வைத்துவிட்டார். நம் சிலைகளுக்கு யார் எழுதினார்கள்? உங்கள் ஊர்ச் சிலையை எந்த ஆண்டு வைத்தார்கள், இடம் யார் கொடுத்தது, செய்தவர் யார், கூண்டு எப்போது வந்தது? வரும் ஏப்ரல் 14-க்குள் பாட்டிகளிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் சொல்ல ஆள் இருக்காது.

ஜெய்பீம்.