பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு: ஐரோப்பா ஏன் செயலிகளைக் கேள்வி கேட்கிறது?

"இன்னும் ஒரே ஒரு வீடியோ பார்த்துட்டுத் தூங்கிடலாம்" என்று எத்தனை முறை நினைத்திருப்பீர்கள்?

ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும். அது தற்செயல் இல்லை. நீங்கள் வெளியேறாமல் இருக்கவே செயலியை அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கே நிறுத்துவது சிரமம். 12 வயதுப் பிள்ளைக்கு?

"பெற்றோர்தான் பார்த்துக்கணும்" என்பது வழக்கமான பதில். ஐரோப்பிய ஒன்றியமோ, செயலியை உருவாக்கிய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னிலக்கச் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடப்பில் உள்ளது.

- பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய தளங்கள் அவர்களின் அந்தரங்கத்தையும் பாதுகாப்பையும் காக்க வேண்டும்.

- பயனீட்டாளர் 18 வயதுக்குக் கீழ் என்று தெரிந்தால், அவரது தகவல்களை அலசி அதற்கேற்ற விளம்பரங்களைக் காட்டக்கூடாது.

- ஒன்றியத்தில் மாதம் 45 மில்லியன் பேருக்குமேல் பயன்படுத்தும் தளங்கள், பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஆபத்துகளை மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும்.

மீறினால், உலகளாவிய ஆண்டு வருவாயில் 6 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம்.

இதெல்லாம் வெறும் பேச்சா?

இல்லை. 2024இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் டிக்டாக் லைட் செயலி அறிமுகமானது. காணொளி பார்த்தால் புள்ளி, லைக் போட்டால் புள்ளி, நண்பரைச் சேர்த்தால் புள்ளி. சேர்ந்த புள்ளிகளைப் பரிசு அட்டைகளாக மாற்றலாம்.

பிள்ளைகள் இதற்கு அடிமையாகிவிடலாம் என்று ஐரோப்பிய ஆணையம் கவலைப்பட்டது. ஏப்ரலில் விசாரணை தொடங்கியது. சில நாள்களிலேயே டிக்டாக் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. ஆகஸ்ட்டில், ஒன்றியத்திலிருந்து அதை நிரந்தரமாக மீட்டுக்கொள்ள உறுதியளித்தது.

2025 ஜூலையில் ஆணையம் புதிய வழிகாட்டிகளையும் வெளியிட்டது. பிள்ளைகளின் கணக்குகள் தொடக்கத்திலேயே தனிப்பட்டதாக இருக்க வேண்டும், காணொளிகள் தானாக ஓடக்கூடாது என்பவை அவற்றுள் சில.

சிக்கல் எங்கே?

வயதில்தான்! பிறந்த தேதியைக் கேட்டால் யாரும் பொய் சொல்லலாம். அடையாள அட்டையைக் கேட்டால் எல்லாருடைய அந்தரங்கமும் போகும்.

அதனால் ஆணையம் வேறொரு செயலியை உருவாக்கியிருக்கிறது. பெயரோ பிறந்த தேதியோ சொல்லாமல், 18 வயது நிரம்பியவர் என்பதை மட்டும் அது உறுதிசெய்யும். டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகியவை முதலில் சோதித்துப் பார்க்க முன்வந்தன.

சமூக ஊடகத்துக்குக் குறைந்தபட்ச வயது 16 ஆக இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2025 நவம்பரில் கேட்டுக்கொண்டது. ஆனால் அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை தம்பியிடம் "போதும், போனை வை" என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் செயலியின் அமைப்புகளை அவனோடு சேர்ந்து திறந்து பாருங்கள். கணக்கு எல்லாருக்கும் தெரிகிறதா? அடுத்த காணொளி தானாக ஓடுகிறதா?

ஐரோப்பா நிறுவனங்களிடம் கேட்பதும் அதையேதான்.