கார்த்திகையின் பெயரில் இல்லாத நிலம்

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் எங்கள் ஊர் வருகிறது. அங்கே தங்கால் என்று சொல்லப்படுவது இன்றைய திருத்தங்கல். அவ்வூர்ப் பார்ப்பனன் வார்த்திகனைப் புதையல் கவர்ந்தவன் என்று அரசனின் ஆட்கள் சிறைப்பிடிக்கிறார்கள். மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பிழையை உணர்ந்த பாண்டியன் வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்குக் கொடையாகத் தருகிறான்.

அழுதவள் கார்த்திகை, நிலம் வார்த்திகனுக்கு. இந்தக் காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு டென்மார்க் நாட்டு உதவியில் நடந்த ஒரு திட்டம் நினைவுக்கு வரும்.

1980 ஜூலையில் ஐ.நா.வின் இரண்டாம் உலகப் பெண்கள் மாநாடு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் கூடியது. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையில் நாடுகள் கையெழுத்திடும் நிகழ்வும் அங்கேயே நடந்தது. அதே மாதம் 30ஆம் தேதி இந்தியா கையெழுத்திட்டது. அவ்வுடன்படிக்கையின் 14ஆம் பிரிவு முழுவதும் கிராமப்புறப் பெண்களைப் பற்றியது. பயிற்சி, வேளாண் விரிவாக்கம், கடன், நிலச் சீர்திருத்தத்தில் சம நடத்துகை ஆகிய எல்லாம் அந்த ஒரே பிரிவில் இருக்கின்றன.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1986இல், டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடாவின் நிதியோடு தமிழக வேளாண்மைத் துறை ‘தான்வா’ என்ற மகளிர் வேளாண்மைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை வேளாண் அலுவலர் ஊருக்கு வந்தால் ‘விவசாயி’ என்று தேடியது ஆண்களைத்தான். நாற்று நடுவதும் களையெடுப்பதும் விதையைப் பாதுகாப்பதும் பெண்கள் என்பது அலுவலகக் கோப்புக்குத் தெரியாது. தான்வா பெண் அலுவலர்களைக் கொண்டே சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு அவர்களின் ஊரிலேயே பயிற்சி தந்தது. விதை நேர்த்தி, உயிர் உரம், பயிர்ப் பாதுகாப்பு, தானியச் சேமிப்பு எல்லாம் கற்றார்கள். கற்றவள் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. பெண்ணை விவசாயி என்று அரசாங்கம் அழைத்ததே அன்றைக்குப் பெரிய காரியம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் 14ஆம் பிரிவிலிருந்து திட்டத்துக்குள் வந்தது பயிற்சி. வராமல் நின்றது நிலம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். அவற்றில் கணவன் பெயரோ மாமனார் பெயரோ இருக்கும். விதை நேர்த்தி தெரிந்த கைக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை.

1989இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு என்றது. நாடு முழுவதற்கும் இது வர 2005 ஆயிற்று. நம் மாநிலம் முந்திக்கொண்டதில் பெருமைதான். எனினும் 1989 மார்ச் 25க்கு முன் மணமான மகள்களை அந்தச் சட்டம் விலக்கியது. 1986இல் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்த மணமான பெண்கள் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். கணவன் நிலத்தில் மனைவிக்குப் பங்கு என்ற பேச்சே அச்சட்டத்தில் இல்லை.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன்பின் இந்தியாவுக்கான உதவியைப் படிப்படியாக முடித்துக்கொள்ள டென்மார்க் முடிவெடுத்தது. சிறிய நாடுகளின் நேரடி உதவி இனி வேண்டாம் என்று 2003இல் இந்தியாவும் சொன்னது. இரண்டு முடிவுகளிலும் களையெடுக்கும் பெண்ணை யாரும் கலந்துகொள்ளவில்லை. பணம் போனதால் பயிற்சி நின்றுபோகலாம். பட்டாவில் ஏறிய பெயரை எந்த நாட்டுத் தூதரகமும் அழிக்க முடியாது. அதனால்தான் நிலம் முக்கியம் என்கிறேன்.

எங்கள் கரிசல் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பெண்கள் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போவார்கள். அங்கும் இதே கேள்விதான். பதிவேட்டில் பெயர் ஏறாமல் வேலை செய்தவள் விபத்தில் சிக்கினால், தான் அங்கே வேலை பார்த்தவள் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் தெரிந்தால் போதும். இதைப் படிக்கும் மாணவிகள் தங்கள் வீட்டு நிலத்தின் பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் ஏன் என்று வீட்டில் கேளுங்கள்.